ஆறு காலுறைகளும் ஒரு ஜின்னும்

"குடிச்சீங்களா சம்பந்தி?"

"ரெண்டு வாய் குடிச்சேன். கண்ணைக் கழுவுற மருந்து மாதிரி இருக்கு."

"உங்களுக்கு எதைத் தொட்டாலும் கண்ணு ஞாபகம்தான். எனக்கு இருமல் மருந்து மாதிரி இருக்கு. அதுவும் குழந்தைங்களுக்குக் கொடுக்கிறது."

"இதையெல்லாம் வீட்டிலேயே ஒழுங்காச் செய்யணும் சம்பந்தியம்மா."

"செய்யலாமே. எந்த ஜின்னுல?"

"பார்த்துதான் சொல்லணும்."

"பார்த்து எப்படிச் சொல்றது? குடிச்சுத்தான் சொல்லணும்."

இந்தப் பேச்சு நடந்து ஏழு மாதம் ஆகிறது. அவளுடைய மகளும் அவருடைய மகனும் கல்யாணம் செய்துகொண்ட அன்று, வரவேற்பு நடந்த கூடத்தின் ஓரத்தில், ஒரு பெரிய பூந்தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, பெண்ணைப் பெற்றவளும் பிள்ளையைப் பெற்றவரும் பேசியது. பேசி முடித்ததும் இருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கையிலிருந்த, ஜின் மதுவில் கலந்த மார்ட்டினியைத் தொட்டியில் ஊற்றினார்கள். அந்தச் செடி பிழைத்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குள் ஏதோ ஒன்று அன்றைக்குத்தான் தண்ணீர் பட்ட விதை மாதிரி லேசாகப் புரண்டு படுத்தது.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்தகத்தில் தலைமைப் பொறுப்பு. மருந்தில் ஒரு சொட்டு கூடினாலும் விடமாட்டாள், குறைந்தாலும் விடமாட்டாள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'சொட்டு'. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை. கணவர் இறந்து ஒன்பது வருடம் ஓடிவிட்டது.

சம்பந்தி கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுப்பவர். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவருக்குச் சொந்தக் கடை. பதினொரு வருடத்துக்கு முன் அவருடைய மனைவி, தனக்கு வேறு வாழ்க்கை வேண்டும் என்று நாகரிகமாகச் சொல்லிவிட்டு நாகரிகமாகவே கிளம்பிப் போனாள். அவரும் நாகரிகமாக அவளுடைய பெட்டிகளைத் தூக்கி வண்டியில் வைத்து, கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்றும் பார்த்து அனுப்பினார். அப்படிப்பட்ட மனிதர். ஒரு காரியத்தை அவர் மரியாதைக்காகச் செய்கிறாரா, மனதாரச் செய்கிறாரா என்று கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு.

கல்யாணம் முடிந்த மூன்றாவது சனிக்கிழமை, மாலை சரியாக ஆறு மணிக்கு, சம்பந்தி அவள் வீட்டு வாசலில் ஒரு ஐஸ் பெட்டியுடன் நின்றார். உள்ளே ஆறு பாட்டில் ஜின். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பழைய காலுறை மாட்டியிருந்தது. பெயரும் வடிவமும் தெரிந்தால் மனசு கட்சி கட்டிவிடுமாம். வீட்டில் ஜோடி தொலைந்து தனிக்கட்டையாகக் கிடந்த காலுறைகள் எல்லாவற்றுக்கும் அன்று வேலை கிடைத்தது. சாம்பல், சிவப்பு, நீலக் கோடு, கறுப்பு, பச்சைக் கட்டம், குதிகாலில் தையல் போட்ட மஞ்சள் ஒன்று.

சோதனை முறையும் அவருடையதே. கண்ணாடிக் கடையில் ஒரு வில்லையை வைத்து, எடுத்து, இன்னொன்றை வைத்து, "ஒண்ணா, ரெண்டா?" என்று கேட்பாரே, அதேதான். அவள் தன் பங்குக்கு இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஐஸும், ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்த பத்துப் பத்து மில்லி வெர்மூத் என்ற மூலிகை ஒயினும் போட்டு வைப்பாள். பிறகு கூடத்துக்கு வந்து ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட வேண்டும். அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குவளைக்கு அறுபது மில்லி ஜின் ஊற்றி, நீளக் கரண்டியால் நாற்பது சுற்றுக் கலக்குவார். ஐஸ் கண்ணாடியில் இடிக்கும் சத்தத்தை அவள் இங்கிருந்தே எண்ணுவாள்.

"முப்பத்தெட்டுலயே நிறுத்திட்டீங்க. இன்னும் ரெண்டு சுத்து பாக்கி."

உடனே உள்ளேயிருந்து இரண்டு சுற்றுச் சத்தம் மட்டும் வரும்.

பிறகு குளிர்ந்து வியர்த்த இரண்டு கிளாஸ்கள் தட்டில் வந்து சேரும். எலுமிச்சைத் தோலை மெல்லிய நாடாவாகச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு விட்டிருப்பார். அவள் முதலாவதைக் குடிக்க வேண்டும், இரண்டாவதைக் குடிக்க வேண்டும், எது என்று சொல்ல வேண்டும். ஜெயித்தது அவளுக்கு, தோற்றது அவருக்கு. அவள் சொன்ன பிறகுதான் எது எந்தக் காலுறை என்று அறிவித்து, பென்சிலால் ஒரு கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொள்வார். அவள் குடிக்கும்போது அவர் அவளுடைய கையைப் பார்க்கமாட்டார், கிளாஸைப் பார்க்கமாட்டார், கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். தொழில் பழக்கம் என்று அவள் விட்டுவிட்டாள்.

முதல் சனிக்கிழமை சாம்பலும் சிவப்பும். ஒன்று மூக்கில் ஏறியது, மற்றொன்றுக்கு முகமே இல்லை. இரண்டாவது சனிக்கிழமை நீலக் கோடும் கறுப்பும். மூன்றாவது சனிக்கிழமை பச்சைக் கட்டமும் மஞ்சளும். அன்றைக்கே கதை முடிந்துவிட்டது. அந்த மஞ்சள் காலுறை ஜின் நாக்கில் பட்டதும் முதலில் ஊசியிலைக் காட்டின் வாசம் வந்தது, பின்னாலேயே எலுமிச்சை, அப்புறம் யாரோ தூரத்தில் கொத்தமல்லி விதையை வறுப்பது போல ஒரு நினைவு. வெர்மூத்துடன் அது சண்டை போடவில்லை, கைகோத்துக்கொண்டது. இதுதான், இனி வேறு தேட வேண்டாம் என்று வாய் வரை வந்த வார்த்தையை அவள் மார்ட்டினியோடு சேர்த்து விழுங்கினாள்.

ஏனென்றால், சொன்னால் என்ன ஆகும்? தேர்வு முடிந்தது, நன்றி சம்பந்தியம்மா என்று ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் போய்விடுவார். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு வாசல் மணி அடிக்காது. அவளுக்கு மறுபடியும் அந்தப் பழைய சனிக்கிழமைகள் திரும்பி வரும். துவைத்த துணியை மடிப்பது, மடித்ததை அடுக்குவது, மகளிடமிருந்து போன் வருகிறதா என்று பார்ப்பது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் அன்று, உதட்டைப் பிதுக்கி. "ஆனா ஒரே தடவையில எப்படி முடிவு பண்றது? ஒவ்வொண்ணையும் மத்த எல்லாத்தோடயும் மோத விடணும்."

"நானும் அதைத்தான் நினைச்சேன்," என்றார் சம்பந்தி, சற்று வேகமாகவே.

நான்காவது வாரத்திலிருந்து அவள் பொய் சொல்ல ஆரம்பித்தாள். மருந்து வாசனைகளைக் கரைத்துக் குடித்த மூக்கு அவளுடையது. மூடியிருக்கும் புட்டியைத் தாண்டி வாசம் பிடிக்கும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு. முதல் கிளாஸில் ஒரு வாய் உறிஞ்சியதுமே, 'இது மஞ்சள் காலுறை' என்று அந்த மூக்கு சத்தியம் செய்யும். உடனே அவள் முகத்தை அரைகுறைத் திருப்தியில் வைத்துக்கொண்டு, இரண்டாவதை ஒப்புக்கு உறிஞ்சி, யோசிப்பது போல ஜன்னலைப் பார்த்து, "ரெண்டு" என்பாள். அவர் தாளில் குறித்துக்கொண்டு, மஞ்சள் மறுபடி தோற்றுவிட்டது, ஜெயித்தது சாம்பல் என்பார். மூக்கு தப்பவில்லை என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. தனக்குப் பிடித்த ஜின் சம்பந்தியின் தொண்டைக்குள் இறங்குவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். இருந்தாலும் ஒரு சனிக்கிழமைக்காக அந்தத் தியாகம் செய்யலாம். அதுவுமில்லாமல், தோற்க வேண்டிய சாம்பலும் சிவப்பும்கூட வரவர அத்தனை மோசமில்லை. பழகிவிட்டால் எல்லாமே ருசிதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

சில வாரம் மஞ்சளே வரவில்லை என்று அவர் அறிவிப்பார்; பழைய வாசம் மூக்கில் தங்கிவிட்டது போலிருக்கிறது என்று அவள் விட்டுவிடுவாள். தாள் குழம்பிப்போனது. சாம்பல் சிவப்பை ஜெயித்தது, சிவப்பு கறுப்பை ஜெயித்தது, கறுப்பு திரும்பி வந்து சாம்பலை ஜெயித்தது. சம்பந்தி அந்தத் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவளுடைய நாக்குக்கு ஒரு பவர் கண்ணாடி போட வேண்டும் என்றார். நாக்கு சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் தாள்தான் கோணல் என்றாள் அவள். இப்படியே சிரித்துப் பேசி ஏழரை ஆகிவிடும். அவர் காலுறைகளை எண்ணிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கிளம்புவார். அடுத்த வாரம் ஆறு மணிக்கு மறுபடி மணி அடிக்கும்.

இருபத்து ஏழு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது ஒன்றும் அத்தனை கஷ்டமில்லை, தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு போட்டுக்கொண்டே இருந்தால் போதும் என்று அவள் தைரியமாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வந்தான். தனியாகத்தான் வந்தான். மகள் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறாளாம். எதற்கு மூட்டை என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. இருவருக்கும் வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசியில் போகிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் பன்னிரண்டு பேரைக் கூப்பிட்டு இங்கேயே, அத்தை வீட்டில், ஒரு சின்ன விருந்து. அத்தையும் அப்பாவும் ஏழு மாதமாக ஆராய்ச்சி செய்கிற அந்த மார்ட்டினியைத்தான் எல்லோருக்கும் கொடுக்கப்போகிறார்கள்.

"அதனால ஒரே ஒரு ஜின் பேர் சொல்லுங்க அத்தை. சனிக்கிழமை ஏழு மணிக்கு வரோம், முடிவு தெரிஞ்சாகணும். உலகத்துல சில பேர் இதைவிடச் சீக்கிரம் மருந்தே கண்டுபிடிச்சிருக்காங்க."

அவள் சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். புது வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருக்கிறது, காலை வெயில் வருகிற ஜன்னலோடு. அப்பாவைக் கூட வந்து இருக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். கடையை விட்டுவிட்டு ஓய்வாக இருக்கலாம். அவர் பிடியே கொடுக்கவில்லை. ஜின் முடிவாகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று ஒரே பாட்டு.

"நீங்க சொன்னா அப்பா கேப்பார் அத்தை. வரச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை கேளுங்களேன்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு அன்று புரிந்தது. வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை. "கேக்கறேன் மாப்பிள்ளை," என்றாள். வேறு என்ன சொல்வாள்? எந்த உரிமையில் மாட்டேன் என்பாள்? கேட்க வேண்டும் என்று ஏழு மாதமாக அவள் நெஞ்சுக்குள் ஒரு வார்த்தை இருக்கத்தான் இருந்தது. ஆனால் அது இந்த வார்த்தையில்லை. இதற்கு நேர் எதிரானது.

வியாழக்கிழமை மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் கிளம்பி, கண்ணாடிக் கடைக்குப் போனாள். மாப்பிள்ளை கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்துவிடுவது என்று தீர்மானம். கடையில் சம்பந்தி உள்ளறையில் ஒருவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. நாற்காலியில் இருந்தவர் புதிதாக மேலாளர் ஆனவராம். சட்டை காலர் விறைப்பாக இருந்தது. கண்ணில் கோளாறு இருக்கிற முகமாகத் தெரியவில்லை.

"ஒண்ணா, ரெண்டா?" என்று சம்பந்தியின் குரல் கேட்டது.

"ரெண்டுதான் சார். ரெண்டாவது ரொம்பத் தெளிவு. பளிச்சுனு இருக்கு."

வரவேற்பு மேசையில் இருந்த பெண்மணி பல வருடமாக அங்கே இருப்பவள். பின்னல் ஊசியைக் கீழே வைக்காமலே அவள் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

"மாட்டிக்கிட்டார். ரெண்டு தடவையும் சார் வச்சது ஒரே கண்ணாடிங்க. பொய் சொல்றாங்கன்னு சந்தேகம் வந்தா அப்படித்தான் வைப்பார். கண்ணாடி போட்டா மதிப்பு கூடும்னு வர்றவங்க எல்லாரும் ரெண்டாவதைத்தான் சொல்வாங்க."

"பொய்னு தெரிஞ்சா திட்டுவாரா?"

"சேச்சே. சாருக்கு யாரையும் சங்கடப்படுத்தத் தெரியாது. பவர் இல்லாத கண்ணாடியை அழகா ஒரு ஃப்ரேம்ல போட்டுக் கொடுத்து அனுப்பிடுவார். அவங்களுக்கும் சந்தோஷம்."

அவளுக்குக் காது சூடானது. 'ரெண்டு. ரெண்டு. ரெண்டு.' தன் குரலே வரிசையாகக் காதில் விழுந்தது. குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். பின்னறையில் குளிர்பெட்டி இருக்கிறது, நீங்களே எடுத்துக்குங்க, வேத்து மனுஷியா என்ன என்றாள் அந்தப் பெண்மணி.

குளிர்பெட்டியைத் திறந்தால், மேல்தட்டில் யாருடைய மதிய உணவு டப்பாவோ. அதற்குக் கீழே வரிசையாக ஆறு காலுறைகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல நின்றன. அவள் கதவு பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு சாம்பல் காலுறையைக் கீழே இறக்கினாள். பாட்டில் கழுத்துக்குச் சற்றுக் கீழ் வரை நிறைந்திருந்தது. இறங்கியிருந்தது அறுபது மில்லிதான், அளக்கவே தேவையில்லை, அவள் கண்ணுக்கு அது தெரியும். சிவப்பும் அப்படியே. நீலக் கோடு, கறுப்பு, பச்சைக் கட்டம், எல்லாமே ஒரே ஒரு கிளாஸ் மட்டும் இறங்கி, மற்றபடி கன்னி கழியாமல் நின்றன.

மஞ்சளைக் கடைசியாக இறக்கினாள். சப்பையான, தோள் அகன்ற பாட்டில். அடியில் அறுபது மில்லி மட்டும் மிச்சம். அதே சப்பை பாட்டில்கள் மூன்று காலியாகக் கீழே தரையில், சுவரோரம் ஒதுக்கி வைத்திருந்தன.

அவள் அங்கேயே, அந்தக் குளிர்பெட்டியின் முன் குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வாரத்துக்கு இரண்டு கிளாஸ், நூற்று இருபது மில்லி. இருபத்து நான்கு வாரம். முதல் முறை இறங்கிய ஒரு கிளாஸையும் சேர்த்துக்கொண்டால், சொட்டு பிசகாமல் சரியாக வந்தது. நான்காவது சனிக்கிழமையிலிருந்து இரண்டு கிளாஸிலும் அவர் ஊற்றியது மஞ்சளை மட்டும்தான். இரண்டும் ஒன்றுதான். அவள்தான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்ற கவலையில், இருபத்து நான்கு வாரம், வாயில் இருந்ததை ருசியே பார்க்கவில்லை. மருந்தைத் தொட்டால் சொட்டு, மார்ட்டினியைத் தொட்டால் கோட்டை விட்ட கதை.

வெட்கம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாக இன்னொன்று. அந்த மேலாளருக்குப் பவர் இல்லாத கண்ணாடி போட்டுக் கொடுத்து அனுப்புவது போலத்தான் தனக்கும் வாரா வாரம் ஒரு மார்ட்டினி கொடுத்து அனுப்புகிறாரா? பாவம், தனியாக இருக்கிற சம்பந்தியம்மா, சங்கடப்படுத்தக் கூடாது என்றா?

குளிர்பெட்டிக் கதவைச் சாத்தப்போனபோது, கதவின் உள்பக்கத் தட்டில் ஐந்தாவது சப்பை பாட்டில் இருப்பதைப் பார்த்தாள். சீல் உடைக்காத புது பாட்டில்.

மனசு குபுக்கென்று ஒரு துள்ளுத் துள்ளியது. எழுநூற்று ஐம்பது மில்லி. வாரம் நூற்று இருபது. இன்னும் ஆறு சனிக்கிழமைக்கு வரும். மாதக் கடைசியில் ஊருக்குப் போகிற மனிதர் ஆறு சனிக்கிழமைக்கு எதற்கு வாங்கி வைக்க வேண்டும்? அந்தத் துள்ளல் அடங்குவதற்குள் அவளுடைய பாழாய்ப்போன கணக்கு இன்னொரு விடையையும் எடுத்து நீட்டியது. கிளாஸுக்கு அறுபது மில்லி. பன்னிரண்டு விருந்தாளிக்குப் பன்னிரண்டு கிளாஸ். ஒரு பாட்டில் கச்சிதமாகப் போதும். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வாங்கினாரோ என்னவோ. ஒரே பாட்டில், இரண்டு விடை. இதற்குமேல் கணக்கு உதவாது. கேட்டால்தான் உண்டு.

அன்று அவள் கேட்கவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று வரவேற்புப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் மருந்தகத்தில் ஒரே மாத்திரைப் பட்டையை மூன்று முறை எண்ணினாள். உதவியாளர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை ஆறு மணிக்கு மணி அடித்தது. சம்பந்தி ஐஸ் பெட்டியோடு உள்ளே வந்தார். சட்டை புதிதாக இருந்தது, அல்லது புதிதாகத் தேய்த்திருந்தது. இருவரும் வெயில் பற்றிப் பேசினார்கள், மாப்பிள்ளையின் மூட்டைகள் பற்றிப் பேசினார்கள், புது ஊர் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து எண்ணினாள். நாற்பது சுற்று. ஒன்றுகூடக் குறையவில்லை.

தட்டு வந்தது. அவர் எதிரே உட்கார்ந்து, வழக்கம்போல் அவள் கண்ணைப் பார்த்தார்.

முதல் கிளாஸை எடுத்து, இந்த முறை முகத்தை எப்படியும் வைத்துக்கொள்ளாமல் குடித்தாள். ஊசியிலைக் காடு வந்தது, எலுமிச்சை வந்தது, தூரத்துக் கொத்தமல்லி வந்தது. இரண்டாவதை எடுத்தாள். காடு, எலுமிச்சை, கொத்தமல்லி. எத்தனை வாரமாக இத்தனையும் தன் வாசலில் வந்து நின்று தட்டியிருக்கிறது, தான்தான் கதவைத் திறக்காமல் ஒப்பனை செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு முட்டியது.

"ஒண்ணா, ரெண்டா?" என்றார் அவர்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் கையிலிருந்த பென்சில் தாளுக்கு மேலே அப்படியே நின்றது. பிறகு அவர் அதை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார், சட்டைப் பையிலிருந்து துணியை எடுத்தார், அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வியாழக்கிழமை கடைக்கு வந்தீங்களாமே. தண்ணி எடுக்கப் போனவங்க தண்ணி பாட்டிலைத் தொடவே இல்லைன்னு சொன்னாங்க," என்றார். "பச்சைக் கட்டத்தைத் தலைகீழா மாட்டிட்டு வேற போயிருக்கீங்க."

"பேச்சை மாத்தாதீங்க. எப்போ தெரியும் உங்களுக்கு?"

"மூணாவது சனிக்கிழமை."

"எப்படி?"

"நாக்கு என்ன வேணா சொல்லும் சம்பந்தியம்மா. கண்ணுக்குள்ள இருக்கிற கருமணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. பிடிச்சதைப் பார்த்தா அது தானா விரியும். மஞ்சளைக் குடிச்சப்போ உங்களுக்கு..." என்று அவர் கையால் ஒரு வட்டம் காட்டினார். வட்டம் கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"நீங்க ஏன் சொல்லல?"

கள்ளனும் கள்ளனும் ஒரே வீட்டில் ஏறி இருட்டில் முட்டிக்கொண்ட கதைதான். யார் யாரைப் பிடித்துக் கொடுப்பது? அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தாளில் ஜெயிப்பு தோல்விகளை மாற்றி மாற்றி எழுதி வட்டமாகச் சுற்றவிட எத்தனை சிரமப்பட்டேன் தெரியுமா என்று அவர் மெல்லச் சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது பாதியிலேயே நின்றது. மரியாதையா, மனசா என்று இன்னமும் அவளுக்குப் பிடிபடவில்லை. கருமணி படிக்கத் தெரிந்தவர் அவர்தானே, அவளில்லை. அதுவும் கண்ணாடி கையில் இருக்க, அவர் இமையைத் தாழ்த்தியே வைத்திருந்தார்.

"புதுசா ஒரு பாட்டில் வாங்கி வச்சிருக்கீங்களே," என்று ஆரம்பித்தாள்.

அப்போது வாசல் மணி அடித்தது. ஏழுகூட ஆகவில்லை. மகளும் மாப்பிள்ளையும் ஆளுக்கு இரண்டு ஐஸ் மூட்டையைத் தூக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார்கள். மகள் மூட்டையை இறக்காமலே மேசையை, இரண்டு கிளாஸை, இரண்டு முகத்தை, வரிசையாக ஒரு பார்வை பார்த்தாள்.

"என்ன, தீர்ப்பு வந்துடுச்சா? இல்ல, மேல்முறையீடா?"

"மஞ்சள் காலுறை," என்றாள் அவள்.

"அப்பாடா," என்றான் மாப்பிள்ளை. "அப்பா, அது என்ன பிராண்டுன்னு சொல்லுங்க, நாளைக்கு ரெண்டு பாட்டில் வாங்கணும். உங்ககிட்ட ஏற்கெனவே எதுவும் இல்லையே?"

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நாளைக்கு வேணுங்கிறதை நீ வாங்கிக்க," என்றார். "என்கிட்ட ஒண்ணு இருக்கு. அது விருந்துக்கு இல்லை."

அவளுக்குள் ஒரு கணக்கின் இரண்டு விடைகளில் ஒன்று, சத்தமில்லாமல் அழிந்துபோயிற்று. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் இந்த முறை இமையைத் தாழ்த்தவில்லை.

மாப்பிள்ளைக்கு இது எதுவும் தெரியாது. ஐஸ் மூட்டையைத் தரையில் வைத்துவிட்டு, கையை உதறிக்கொண்டே, செவ்வாய்க்கிழமை பேச்சை ஞாபகப்படுத்தினான். "அத்தை, அப்பாகிட்ட அந்த விஷயம் கேட்டீங்களா?"

"இன்னும் கேக்கல," என்றாள் அவள். "இப்போ கேக்கறேன்."

மாப்பிள்ளை ஆதரவாகத் தலையாட்டினான். மகள் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மெல்ல ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் இரண்டு கிளாஸ்களையும் எடுத்து, சம்பந்தியின் முன்னால் வைத்தாள். ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். ஏழு மாதமாக அவர் அவளுக்கு எப்படி வைத்தாரோ அப்படியே. எதிரே உட்கார்ந்தாள். ஒரு சொட்டு மேசையில் சிந்தியது. அதை அவள் துடைக்கவில்லை.

"நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. இந்தத் தடவை ரெண்டும் ஒண்ணு இல்லை," என்றாள். "ஒண்ணு, பிள்ளைங்க கூடப் போயிடலாம். காலை வெயில் வர்ற ஜன்னல், தனி ரூம், ஓய்வு. யாரும் தப்புச் சொல்ல மாட்டாங்க."

அவர் முதல் கிளாஸைப் பார்க்கவே இல்லை. அவள் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் மூட்டையிலிருந்து தண்ணீர் ஓடிவந்து மாப்பிள்ளையின் செருப்பை நனைத்தது. அவன் நகரவில்லை.

"ரெண்டு," என்றாள் அவள். "போகாதீங்க. சனிக்கிழமைக்கு மட்டும் இல்ல, எல்லாக் கிழமைக்கும் இங்கேயே, என் கூடவே இருந்துடுங்க."